கிளையன்டின் வலது கை

இருபத்தாறு நிமிஷம் எண்டு மெஷின் காட்டுது, அவ்வளவு நேரமும் நான் இதை விட்டு எழும்பேலாது. லேசர் ஓடேக்க பக்கத்தில ஒராள் இருக்கோணும், பலகை பத்திச்செண்டா மூடியைத் திறக்கிறதுக்கு, மூடியைத் திறந்தா லேசர் தானா நிண்டுபோகும், இது டிசைன் வாத்தியார் மிஸ்டர் ஹாலட் செப்டெம்பரில எங்களுக்குச் சொன்னது, சொல்லிப்போட்டுச் சுவரிலயும் எழுதி ஒட்டினவர். மூத்திரம் முட்டினாலும் இருக்கிற இடத்தில இரு எண்டார், வகுப்பில எல்லாரும் சிரிச்சவை, நானும் சிரிச்சனான், அப்ப அம்மா இருந்தவ. இப்ப எதை நினைச்சாலும் முதல் வேலையா இதைத்தான் பார்க்கிறன், அந்த நேரம் அம்மா இருந்தவவோ இல்லையோ எண்டு. இந்தச் சப்பாத்து வாங்கேக்க இருந்தவ. இந்தப் பென்சில் வாங்கேக்க இல்லை. மற்றாக்கள் எல்லாரும் பக்கத்து அறையில ஃபோல்டரின்ர கடைசிப் பக்கங்களை அடிச்சுக்கொண்டிருக்கினம், நாலு மணிக்கு எல்லாத்தையும் ஒப்படைக்கோணும், என்ரை முடிஞ்சுது, என்ரை எப்பவோ முடிஞ்சுது, வடிவா முடிஞ்சுது, அதுதான் பிழை. மெஷினுக்குள்ள ஒரு பொட்டு வெளிச்சம் அங்கயும் இஞ்சயும் ஓடி ஓடிப் பலகையைச் சுடுது. முதல்ல பேர், பிறகுதான் வெட்டு. வெட்டின பலகை அசைஞ்சுபோகும் எண்டதால எப்பவும் எழுத்தை முதல் சுட்டுப்போட்டு வெட்டைக் கடைசிக்கு விடுறது. பேர் அம்மான்ர பேர், சிவகௌரி. அதுக்கு மேல வெட்டுப்படப்போறது ஒரு கை, அஞ்சு விரலும் மணிக்கட்டும். அம்மான்ர கை எண்டு அப்பா நினைச்சுக்கொண்டிருக்கிறார், மூண்டரைக்கு வானைக் கொண்டுவந்து பள்ளிக்கூடக் கேற்றடியில விட்டுட்டு அதுக்காகத்தான் நிக்கப்போறார், வீட்டில அம்மான்ர படத்துக்குப் பக்கத்தில கொழுவுறதுக்கு ஆணியும் அடிச்சுப்போட்டார். அது என்ர கை.

என்ர கை, என்ர கை, எத்தினை தரம் சொன்னாலும் மண்டைக்குள்ளதானே சொல்லுறன். அம்மா போனாப்பிறகு மண்டைக்குள்ள தமிழ்தான் ஓடுது, முந்தி அப்பிடி இல்லை, எட்டு வயசில இஞ்ச வந்தனான், பள்ளிக்கூடத்தில இருக்கேக்க இங்கிலிஷிலதான் யோசிக்கிறனான், இப்ப அம்மா கதைக்கிற மாதிரியே எல்லாம் வருது. கிளையன்ட் எண்ட சொல்லு மட்டும் தமிழில வரேல்லை. ஏ லெவல் ப்ராடக்ட் டிசைன் எடுத்தா பாதி மார்க் இந்த ஒரு வேலைக்குத்தான். ஒரு ஆளைப் பிடிக்கோணும், உயிரோட நிக்கிற உண்மையான ஆள், அந்த ஆளின்ர கரைச்சல் ஒண்டைக் கண்டுபிடிச்சு அதுக்கு ஒரு சாமான் செய்யோணும், அவரைத்தான் கிளையன்ட் எண்டுறது. அவரை அளக்கோணும், அவரிட்டக் கேக்கோணும், செய்து காட்டோணும், திரும்பக் கேக்கோணும். கிளையன்டை விட்டுட்டுக் கீறினா அது சாமான் இல்லை, சும்மா படம் எண்டு மிஸ்டர் ஹாலட் சொல்லுவார். எனக்குக் கிளையன்ட் தேடி அலைய வேண்டி வரேல்லை. அம்மா குசினிக்குள்ள இடியப்ப உரலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. ரெண்டு கையாலயும் அமத்திப் பிழியிற பழைய மர உரல், கைமூட்டில வாதம் வந்தாப்பிறகு அம்மாவுக்கு அது ஏலாது, பல்லைக் கடிச்சுக்கொண்டு ஒரு தட்டுப் பிழிவா, மற்றத் தட்டுக்கு அப்பாவைக் கூப்பிடுவா. விமானத்துக்குச் சாப்பாடு அடுக்குற இடத்தில அம்மாவுக்கு வேலை, உள்ளுக்கு ஃபிரிட்ஜுக்குள்ள நிக்கிற குளிர், ரெண்டு கையுறை போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு எண்ணூறு தட்டு, வீட்ட வந்து கொஞ்ச நேரம் சுடுதண்ணிக்குள்ள கையை விட்டுக்கொண்டு நிப்பா. நெம்புகோல் வைச்ச உரல் செய்வம் எண்டு நான் கீறினன், நீட்டுப் பிடி, ஒரு கையால கீழ இழுத்தாக் காணும். அம்மா படத்தைப் பார்த்துப்போட்டு, இதில என்ர பேரும் போடுவியோ எண்டு கேட்டவ. பேர் போடேலாது அம்மா, கிளையன்ட் எண்டுதான் போடோணும். சரி, கிளையன்ட் எண்டே போடு, நான் ஆரெண்டு எனக்குத் தெரியும்தானே, எண்டு சிரிச்சவ.

பதினெட்டு நிமிஷம். சி-யின்ர தலையில வாற விசிறியும் ரி-யின்ர விசிறியும்தான் முதல் வந்தது, மேலயிருந்து கோடு கோடாச் சுட்டுக்கொண்டு வாறதால எழுத்தின்ர தலைதான் முதல் தெரியும், ரெண்டு வளைவு மட்டும், ஆற்றையோ புருவம் மாதிரி. மணக்குது. மரம் எரியிற மணம் எனக்கு முந்திப் பிடிக்கும், இந்த மணத்துக்காகவே இந்தப் பாடத்தை எடுத்தனான் எண்டும் சொல்லலாம், ஏன் எடுத்தனி ஏன் எடுத்தனி எண்டு எத்தினை பேர் கேட்டவை. அத்தை போனில, டிசைனோ, ஏன் பிள்ளைக்குக் கெமிஸ்ரி ஓடேல்லையோ எண்டு கேட்டா, அம்மா ஸ்பீக்கரில போட்டிருந்தவ, எனக்கும் கேட்டது, அம்மா ஆறுதலாச் சொன்னா, ஓடும் மச்சாள், எல்லாம் ஓடும், இவ சாமான் செய்யிற ஆள், ஆக்கள் பாவிக்கிற சாமான். அதைச் சொல்லேக்க அம்மா நிமிர்ந்து நிண்டவ. அதே அம்மாவைத்தான் நான் அப்பிடிச் சொன்னனான். வேண்டாம், அங்க போகாத. லேசரைப் பார். பலகையைப் பார். பத்துதோ எண்டு பார், அதுக்குத்தானே உன்னை இருத்தினது.

போகாத எண்டாப் போகாம விடுமோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒக்டோபர், கிளேயை மேசையில வைச்சிட்டு அம்மாவைக் கூப்பிட்டன். சாம்பல் நிறக் களிமண், கையின்ர அச்சு எடுக்கிறதுக்கு, அமத்தின மாதிரியே அளந்து அதுக்குப் பொருந்தப் பிடியைக் கடையிறது, எங்கட வேலையில அதுதான் அருமையான பக்கம், மார்க் போடுறாக்கள் அந்தப் பக்கத்தைத்தான் தேடுவினம். அம்மா, உரல் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சு ஏலுமான மட்டும் அமத்துங்கோ. அம்மா அமத்தினா. இவ்வளவு காணுமோ? இன்னும் அம்மா. நோகுது பிள்ளை. கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம். முகத்தைச் சுழிச்சுக்கொண்டு அமத்திப்போட்டுக் கையை எடுத்தவ. நான் பார்த்தன். ஒரு பத்துச் செக்கன் பார்த்திருப்பன். மூண்டு பள்ளம் வடிவா விழுந்திருந்தது, சின்ன விரலுக்குப் பள்ளமே இல்லை, அது நீட்டுப்பட்டுக் கிளேயைச் சுத்திப் போகேல்லை, உள்ளுக்கு மடங்கி மோதிர விரலுக்குக் கீழ போய்க் குத்தியிருந்தது, நகத்தின்ர அடையாளம் பிறை மாதிரி அங்கதான் கிடந்தது. இதைக் கட்டாயம் படம் எடுக்கோணும் எண்டு நினைச்சன். போன் மேல சார்ஜில கிடந்தது. மேல போனன், ஆரோ மெசேஜ் போட்டிருந்தினம், கட்டிலில குந்தினன், பதில் போட்டன், சிரிச்சன், என்னத்துக்குச் சிரிச்சனான் எண்டு இப்ப ஞாபகமில்லை, இருபது நிமிஷம் போயிருக்கும். இறங்கி வந்தா மேசை துடைச்சிருக்கு. கிளே மாஜரின் டப்பாக்குள்ள, உருண்டையா, அழுத்தமா, கொழுக்கட்டைக்கு மா உருட்டின மாதிரி ஒரு வெடிப்பும் இல்லாம. ஈரத்துணியும் மேல. உருட்டி வைச்சிருக்கிறன் பிள்ளை, காய்ஞ்சுபோகாது, எண்டா அம்மா. அந்தக் கையால எப்பிடி உருட்டினவ. அமத்தவே நோகுது எண்டவ எவ்வளவு நேரம் உருட்டியிருப்பா, அதுவும் எனக்கு வடிவா இருக்கட்டும் எண்டு. இதை நான் அண்டைக்கு யோசிக்கேல்லை. உங்களை ஆர் உதில கை வைக்கச் சொன்னது எண்டு கேட்டன். அம்மா முழிச்சவ. ஒண்டும் விளங்காட்டிச் சும்மா இருங்கோவன். இதுதான் நான் சொன்னது. சத்தம்போட்டுக்கூடச் சொல்லேல்லை, சத்தம் போட்டிருந்தாக் கோவத்தில சொன்னது எண்டு விடலாம், மெல்லமா, பல்லுக்குள்ள, நல்லா யோசிச்ச மாதிரிச் சொன்னனான். அம்மா கையைச் சட்டையில துடைச்சா. அதுக்கென்ன, இன்னொருக்கா அமத்தித் தாறன், எடு. தேவையில்லை. எடு பிள்ளை. தேவையில்லை எண்டு சொல்லுறனெல்லே.

அதுக்குப் பிறகும் கேட்டவ. அதைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு, ஒருக்காக் கேட்டுப்போட்டு விட்டிருந்தாப் பறவாயில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டு, கை வேணுமெண்டாச் சொல்லு. வேலைக்கு வெளிக்கிடேக்க, சப்பாத்துக்குள்ள காலை விட்டுக்கொண்டு, கை வேணுமெண்டாச் சொல்லு, சனிக்கிழமை நிப்பன். கடைக்குப் போற வழியில வானுக்குள்ள, பின்னுக்குத் திரும்பி, உன்ர அந்தக் கிளே அலுவல் என்ன மாதிரி, கை வேணுமெண்டா. நான் போனைப் பார்த்துக்கொண்டு ம் எண்டனான். எத்தினை ம். நான் என்ன செய்தனான் எண்டா, அந்த ஹாஃப் டேர்ம் லீவில அறைக்கதவைச் சாத்திப்போட்டு என்ர வலது கையைப் பேப்பரில வைச்சன். வாதம் வந்த கையின்ர படங்களைக் கொம்பியூட்டரில பார்த்து, விரலெல்லாத்தையும் ஒரு பக்கமாச் சரிச்சு, சின்ன விரலைக் கொஞ்சம், நோகாத அளவுக்குக் கொஞ்சம், வளைச்சு, இடக்கையால பென்சிலைப் பிடிச்சுச் சுத்திவரக் கீறினன். அளவுகளைப் புத்தகத்தில இருந்த அட்டவணையில பார்த்துப் போட்டன், உள்ளங்கை எழுபத்தினாலு மில்லிமீட்டர், பிடி முப்பத்தினாலு. கீழ, கிளையன்டின் வலது கை, ஒண்டுக்கு ஒண்டு அளவு. அம்மா கீழ குசினிக்குள்ள நிண்டவ. பதினாலு படி இறங்கினா அந்தக் கை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சத்தம் எனக்கு மேலயே கேட்டது. ஃபோல்டரில பதினாலாம் பக்கம் அது, பதினாலு படி, பதினாலாம் பக்கம், இப்பிடித்தான் ஏதாவது ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு மண்டை சுத்துது. மிஸ்டர் ஹாலட் அந்தப் பக்கத்தை வகுப்புக்குத் தூக்கிக் காட்டினவர். பாருங்கோ, இதுதான் கிளையன்டோட வேலை செய்யிறது எண்டு. கிளையன்ட் சொன்னவ எண்டு நாலு வரியும் எழுதியிருந்தனான், பிடி தடிப்பாக இருந்தால் எனக்கு வசதி, பாரம் குறைவாக இருக்க வேண்டும், எல்லாம் நானே எழுதினது. அம்மா அப்பிடியெல்லாம் கதைக்கிற ஆளே இல்லை. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா எண்டு எனக்குத் தெரியாது. அதுதானே, கேக்கேல்லையே.

பன்னிரண்டு நிமிஷம், எல்லா எழுத்தும் இடுப்பளவுக்கு வந்திட்டுது, கீழ்ப்பாதி இன்னும் இல்லை. ஜனவரி இருபத்தி நாலு, அம்மா வேலையிடத்து லொக்கர் அறையில கோட்டைப் போடேக்க விழுந்தவ, தலைக்குள்ள ரத்தம் எண்டினம், மூண்டு நாள் மெஷினில. வலது கையில ஊசியெல்லாம் ஏத்தி வெள்ளைப் பிளாஸ்டர் சுத்திக் கிடந்தது, எனக்குக் கிடைச்சது இடது கைதான், அதைப் பிடிச்சுக்கொண்டிருந்தன், வீங்கி வழவழ எண்டு ஆற்றையோ கை மாதிரி இருந்தது. கதையுங்கோ, கேக்கும், எண்டா நேர்ஸ். நான் என்ன கதைச்சனான் தெரியுமோ, சோதனை எப்ப தொடங்குது எண்டு சொன்னனான். உரலுக்கு அலுமினியம் வந்திட்டுது எண்டு சொன்னனான். கிளேயைப் பற்றிச் சொல்லோணும் எண்டு வாய் வரைக்கும் வந்தது, அப்பா பக்கத்தில நிண்டவர், சாகக் கிடக்கிற ஆளிட்டப் போய்க் கிளேக் கதை என்ன கதை எண்டு விட்டிட்டன். அதுதான் கதை. வேறொரு கதையும் எனக்கு அம்மாவோட மிச்சம் இல்லை. பிறகு ஃபியூனரல் ஹோமில, பச்சைக் கூறைச் சீலையில, அத்தை முந்தானையை இழுத்து ரெண்டு கையையும் மூடிவிட்டவ, கௌரிக்கு ஆக்கள் கையைப் பார்க்கிறது விருப்பமில்லை எண்டு. நான் கால்மாட்டில நிண்டனான். கைப்பையில ரூலர் இருக்கு எண்டு நினைச்சன். சீ. நினைச்சனான்தான், பொய் சொல்லி என்ன, எல்லாரும் வெளியில போனாப்பிறகு முந்தானையை விலத்தி ரெண்டு நிமிஷம் எண்டு நினைச்சனான். பேப்பர்கூட இருந்தது. பிறகு தகன மண்டபத்தில திரையை மூடிச்சினம், அவ்வளவுதான். ஆறுதல் சொல்லுறதுக்கு மாமா ஒராள் வந்து, பிள்ளை நல்லாப் படிக்கோணும், அம்மாவுக்கு அதுதான், எண்டு சொல்லிப்போட்டுப் போனார். நான் நல்லாப் படிச்சனான் மாமா. பதினாலாம் பக்கத்தைப் பாருங்கோ.

உரலைச் செய்து முடிச்சன். மார்ச் மாதம் முழுக்கச் செய்தன், மற்ற வகுப்புக்குப் போகாம இஞ்சயே நிண்டன், ஆரும் ஒண்டும் சொல்லேல்லை, தாய் செத்த பிள்ளைக்கு எல்லாரும் வழி விடுவினம். வேலை செய்யுது. மிஸ்டர் ஹாலட்டே அரிசிமாவைக் குழைச்சு ஒரு கையால இழுத்தார், நூல் நூலா வந்தது, அவர் வாயைப் பொத்திக்கொண்டு அங்கால போயிட்டார். ஆனா அந்தப் பிடி முப்பத்தினாலு மில்லிமீட்டர். மடங்கின சின்ன விரல் இருக்கிற கைக்கு அது வராது, நகம் உள்ளங்கையைக் குத்தும், எனக்குத் தெரியும், அந்தப் பத்துச் செக்கன் பார்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா இருந்திருந்தா அந்த உரலாலயும் ஒரு தட்டுப் பிழிஞ்சு போட்டு, நல்லா இருக்குப் பிள்ளை, எண்டிருப்பா. பல்லைக் கடிச்சுக்கொண்டு சொல்லியிருப்பா. பிறகு மற்றத் தட்டுக்கு அப்பாவைக் கூப்பிட்டிருப்பா.

ஈஸ்டர் லீவில அப்பா குசினி மேசையில கிடந்த ஃபோல்டரை எடுத்துப் புரட்டினவர். எங்கட வீட்டில என்ர ஃபோல்டரை ஒருத்தரும் புரட்டுறேல்லை, அம்மாதான் சில நேரம் படம் பார்ப்பா. இங்கிலிஷ் எழுத்தில விரலை வைச்சு வைச்சு வாசிச்சார். கிளையன்ட் எண்டா? அம்மா. அப்ப இது அம்மான்ர கையோ? நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நிண்டன், திரும்பேல்லை, ஓம் எண்டன். ஒரு ஓம். அவ்வளவு லேசா வந்தது, ம் எண்டு சொல்லிச் சொல்லிப் பழகின வாய்தானே. திரும்பிப் பார்த்தா அப்பா தன்ர கையை அந்தப் பக்கத்துக்கு மேல வைச்சுக்கொண்டு இருக்கிறார், மேசையில ஒராள் கையை நீட்டியிருக்க, அதுக்கு மேல வைக்கிற மாதிரி, பாரம் போடாம. அண்டு முழுக்க அல்பம் எல்லாத்தையும் இழுத்துப் போட்டார். ஒரு படத்திலயும் அம்மான்ர கை இல்லை. கலியாணப் படத்தில இருக்கு, அது வாதம் வரமுந்தி, அது வேற கை. இஞ்ச வந்தாப்பிறகு எடுத்த எல்லாத்திலயும் கோட்டுப் பொக்கெற்றுக்குள்ள, இல்லாட்டி முந்தானைக்குள்ள, இல்லாட்டி எனக்குப் பின்னால, என்ர பிறந்தநாள்களில என்னை முன்னுக்கு நிப்பாட்டிப்போட்டு எனக்குப் பின்னால கையை ஒளிச்சவ. என்ர முதுகில அந்தக் கை இருந்திருக்கும். படத்தில தெரியாது. இது ஒண்டுதான் இருக்கு, என்ன, எண்டார் அப்பா, ஃபோல்டரைப் பார்த்து. உந்த மெஷினால மரத்தில வெட்டித் தருவியோ, படத்துக்குப் பக்கத்தில வைப்பம், கீழ அவவின்ர பேரைப் போடு, தமிழில போடு. சரியப்பா எண்டன். தருவன் எண்டு சொல்லுறதைத் தவிர அந்த முகத்துக்கு ஒண்டும் சொல்லேலாது.

அதுக்குப் பிறகுதான் அப்பா அதைச் சொன்னது. படுக்கப் போகேக்கயோ, இல்லை, அடுத்த நாள் காலமை, தேத்தண்ணிக் கோப்பையோட வந்து நிண்டு, பக்கத்தைத் திரும்ப விரிச்சுப்போட்டுச் சொன்னவர். இந்தச் சின்ன விரல் இன்னும் உள்ளுக்கு மடங்கியிருக்கும் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். நான் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தன். நித்திரைக்குக் கையைப் பிடிச்சா இந்த விரல் என்ர கைக்குள்ள வராது, தனிய நிக்கும், கொழுக்கி மாதிரி. ஆனா நீ அளந்தெல்லோ கீறினனி. அப்ப எனக்குத்தான் மறந்துபோச்சு. மூண்டு மாசத்தில மறக்கிறன் பார், எண்டு தன்னைப் பார்த்துத் தானே சிரிச்சுக்கொண்டு போனவர். நான் பூசின பாணுக்குத் திரும்பவும் பூசினன். அண்டைக்கு இருந்து கிழமைக்கு ரெண்டு தரம் அந்தப் பக்கத்தை விரிச்சு வைச்சுப் பார்க்கிறார், பாடமாக்குறார், தனக்குத் தெரிஞ்ச கையை அழிச்சுப்போட்டு என்ர கையை அந்த இடத்தில வைக்கிறார். பதினெட்டு வருஷம் நித்திரையில பிடிச்ச கையை. இருபத்தொரு வருஷமோ. நான் அம்மாவுக்குச் செய்தது போதாதெண்டு.

ஏழு நிமிஷம். ரி முடியுது. கடைசிக் கோடு, கால் வளைவு, சரி. சிவகௌரி. வடிவா வந்திருக்கு, கபில நிறத்தில, ஓரத்தில கொஞ்சம் கருகி. மெஷின் ஒரு கணம் நிக்கும், தலை ஓடிப்போய் மூலையில நிண்டு யோசிக்கிற மாதிரி நிக்கும், பிறகு சத்தம் மாறும், வெட்டுற சத்தம், காத்து ஊதுற சத்தம் கூடும். மாறிட்டுது. மணிக்கட்டில இருந்து தொடங்குது, என்ர மணிக்கட்டு, பெருவிரல் பக்கமா ஏறப்போகுது. இப்ப நான் என்ர கையை மெஷின் மூடியின்ர கண்ணாடியில வைச்சிருக்கிறன், எப்ப வைச்சனான் எண்டு தெரியேல்லை. ஆறு நிமிஷத்தில இது வெட்டுப்பட்டிடும், பின்னேரம் சுவரில இருக்கும். அப்பா வேலைக்குப் போகேக்க தொடுவார். நான் பல்கலைக்கழகம் போயிடுவன், கலியாணம் கட்டுவன், கிழவியாகுவன், அது சுவரில இருக்கும், நான் வரேக்கயெல்லாம் அப்பா காட்டுவார், அம்மான்ர கை பார், சின்ன விரல் எவ்வளவு நேரா இருக்கு பார், எனக்கு அது மறந்தே போச்சுது, நீ அளந்து வைச்சது நல்லதாப் போச்சு. நல்லதாப் போச்சு. ரெண்டு சென்ரிமீட்டர் வெட்டுப்பட்டிட்டுது. மூடியைத் திறந்தாலே காணும்.

திறந்திட்டன். நிண்டுட்டுது. புகை முகத்துக்கு அடிச்சுது, சத்தம் எல்லாம் ஒருமிக்க நிண்டதில பக்கத்து அறையில இருந்து மிஸ்டர் ஹாலட் எட்டிப் பார்த்தவர், பத்திச்சோ மிதுசா? இல்லை சேர், நான்தான் நிப்பாட்டினன். என்ன பிழை? படம் பிழை சேர், எண்டு சொன்னன், பதினாலாம் பக்கத்தை ஃபோல்டரில இருந்து கழட்டி அவரிட்டக் குடுத்தன், இது என்ர கை, அளவும் பொய், அவ சொன்னவ எண்டு எழுதினதும் பொய். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், மார்க் போகும் எண்டது ரெண்டு பேருக்கும் தெரியும், நிறையப் போகும். அப்பிடியெண்டா அப்பிடியே எழுதி வை எண்டார் கடைசியா, எழுத நேரம் இருக்கு. கதவைச் சாத்திப்போட்டுப் போனார். போனை எடுத்தன். அப்பா எண்டது முதல் பேர்தான், பிறகும் தேடுறன்.

என்ன பிள்ளை, முடிஞ்சுதோ, நான் கேற்றடிக்கு வந்திட்டன்.

அப்பா, அது அம்மான்ர கை இல்லை.

எது?

பேப்பரில இருக்கிறது. என்ர கையை வைச்சுக் கீறினனான். அம்மா தாறன் தாறன் எண்டு கேட்டவ, நான்தான் எடுக்கேல்லை. கோவத்தில எடுக்கேல்லை அப்பா. ஒண்டும் விளங்காட்டிச் சும்மா இருங்கோ எண்டு சொன்னனான் அம்மாவை.

வானின்ர இண்டிக்கேற்றர் அடிக்கிற சத்தம் கேக்குது, நிப்பாட்ட மறந்திட்டார். டிக் டிக் எண்டு அது பாட்டுக்கு. ஒராள் போனில அழுதாக் கேக்கும், அப்பா அழேல்லை, மூச்சு விடுறது மட்டும் கேக்குது.

அப்ப அவவின்ர கை எண்டு எங்களிட்ட ஒண்டும் இல்லை, எண்டார்.

இல்லை அப்பா. பேர் மட்டும் பலகையில சுட்டிருக்கு. மேல ஒரு சின்ன வெட்டு, மற்றது வெறும் இடம்தான்.

பிறகும் அந்த டிக் டிக். நான் சொல்ல வேண்டியது இன்னும் ஒண்டு கிடக்கு, அதுக்காகத்தான் மூடியைத் திறந்தனான், கிளேயில விழுந்திருந்த அந்தப் பிறையைக் கண்ணுக்குள்ள பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், விட்டா அதுவும் போயிடும்.

அப்பா. அந்தச் சின்ன விரல். நீங்கள் சொன்னதுதான் சரி. உள்ளுக்கு மடங்கியிருந்தது. நல்லா மடங்கி, மோதிர விரலுக்குக் கீழ போய் நகம் குத்திக்கொண்டிருந்தது. நான் கண்டனான்.

வெளியில ஆரோ ஹோர்ன் அடிக்கினம், அப்பான்ர வான் பாதையை மறிச்சுக்கொண்டு நிக்குது போல.

கொழுக்கி மாதிரி, எண்டார் அப்பா.

ஓம் அப்பா.

அப்ப எனக்கு மறக்கேல்லை.

இல்லை அப்பா. உங்களுக்கு மறக்கேல்லை.

சரி, எண்டார், டிக் டிக் நிண்டுபோச்சு, பேர் இருக்குதானே, அந்தப் பலகையைக் கொண்டு வா பிள்ளை.